வலிக்குக் கொடுத்த மாத்திரையும் தொண்டையில் வந்த ரத்தமும்



இரண்டு மாதமாக நான் எதுவும் எழுதவில்லை. "டீச்சர், உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில் ஒரு விஷயம் நடந்தது. அதில் தவறு செய்தவள் நான். முப்பது வருஷத்துக்கு மேல் உங்கள் நோட்டுகளில் தவறுகளைச் சிவப்பு மையால் சுழித்தவள், தன் தவறை மட்டும் மூடி வைத்தால் நன்றாக இருக்காது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். பாதி என் வீட்டுக் கதை, மீதி வரலாறு. இரண்டும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன.

என் தம்பி மகனுக்கு 31 வயது. சின்ன வயதிலிருந்தே மழை வந்தால் தொண்டை வலி, ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை வலி. கடந்த இரண்டு வருஷமாக மாதத்துக்கு ஒரு தடவை காய்ச்சலோடு படுத்துவிடுவான். கடைசியில் டாக்டர் டான்சிலை எடுத்துவிடலாம் என்று சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் அம்மா வேலைக்குப் போகிறவள். எங்கள் வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம். "நான் பார்த்துக்கொள்கிறேன், இங்கே விடுங்கள்" என்று நான்தான் அழைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் பரவாயில்லை. ரசம் ஊற்றிக் குழைத்த சாதம், ஆறவைத்த கஞ்சி, ஐஸ்கிரீம் என்று உள்ளே போனது. நான்காம் நாள் வலி கூடியது. ஐந்தாம் நாள் எச்சில் விழுங்கக்கூட முடியவில்லை. காதுக்குள் ஊசி குத்துவது போல் இருக்கிறது என்று எழுதிக் காட்டினான். டாக்டர் கொடுத்திருந்த பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கமுடியாமல் துப்பினான். "அத்தை, ஏதாவது பண்ணுங்க" என்று அந்தப் பெரிய பையன் கண்ணில் தண்ணீரோடு கேட்டபோது எனக்கு மனசு தாங்கவில்லை.

எங்கள் வீட்டு மருந்து டப்பாவில் தண்ணீரில் போட்டால் கரைகிற தலைவலி மாத்திரை எப்போதும் இருக்கும். விழுங்க வேண்டியதில்லை, கரைத்துக் குடித்தால் போதும். இதைவிட வசதி வேறென்ன? மதியம் இரண்டைக் கரைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் வலி குறைந்து தூங்கினான். எனக்கு உள்ளூரப் பெருமை. சாயங்காலம் இரண்டு, படுக்கும்போது இரண்டு.

விடியற்காலை நாலு மணிக்கு வாஷ்பேசினில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். பேசின் முழுக்கச் சிவப்பு. அவன் குனிந்து நிற்கிறான், வாயிலிருந்து ரத்தம் நிற்காமல் வருகிறது. நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வந்து பார்த்திருக்கிறேன், விளையாட்டு மைதானத்தில் மண்டை உடைந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கை நடுங்கியது.

எதிர்வீட்டுத் தம்பி காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் உறைந்த ரத்தக் கட்டியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திப் பார்த்தார்கள். நிற்கவில்லை. திரும்பவும் மயக்கம் கொடுத்து, ரத்தம் கசிந்த குழாயைக் கட்டினார்கள். வெளியே வந்த இளம் டாக்டர், என் பேத்தி வயதிருக்கும், கேட்ட முதல் கேள்வி: "பாட்டி, வீட்டுல என்னென்ன மாத்திரை கொடுத்தீங்க?"

நான் மடியில் முடிந்து கொண்டுவந்திருந்த அட்டையைக் காட்டினேன். திருப்பிப் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். "இது ஆஸ்பிரின் ஆச்சே" என்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. "இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆறேழு நாளில் எந்த மாத்திரையும் சாப்பிடாதவர்களுக்கும் ரத்தம் வரலாம். அதனால் இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதைக் கொடுத்திருக்கக் கூடாது. ரத்தம் உறைவதை இது தடுக்கும்" என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் 'ஆஸ்பிரின் கூடாது' என்று அச்சடித்தே இருந்தது. நான் அதைப் படித்தும் இருந்தேன். ஆனால் எங்கள் டப்பாவில் இருப்பதுதான் அது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது வெறும் தலைவலி மாத்திரை.

பையன் இப்போது நன்றாக இருக்கிறான். போன வாரம் பரோட்டா சாப்பிட்டதாகப் போட்டோ அனுப்பினான்.

அவன் பிழைத்த பிறகுதான் எனக்குப் படிக்க ஆரம்பிக்கத் தோன்றியது. உங்களுக்குத் தெரியுமே, ஒரு கேள்வி பிடித்துக்கொண்டால் டீச்சர் விடமாட்டேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. நான் செய்த இதே தவறு சுமார் எண்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு ஊரில் பல தடவை நடந்திருக்கிறது. அதிலிருந்துதான் இன்று கோடிக்கணக்கான பேர் இதயத்துக்காகச் சாப்பிடும் ஒரு மாத்திரையின் கதை தொடங்குகிறது. அந்த மாத்திரை எங்கள் வீட்டு டப்பாவிலும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பாடம். டான்சில் என்றால் பலர் உள்நாக்கு என்று நினைக்கிறார்கள். வாயைத் திறந்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரண்டு பக்கமும் குழிக்குள் பாதாம் பருப்பு அளவில் உட்கார்ந்திருப்பவைதான் டான்சில்கள். "தொண்டையில் சதை வளர்ந்திருக்கு" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கழுத்தில் ஓடும் பெரிய ரத்தக் குழாயிலிருந்து பிரியும் பல கிளைகள் இதற்கு ரத்தம் கொண்டுவருகின்றன.

கையில் வெட்டுப் பட்டால் தையல் போட்டு மேலே கட்டுக் கட்டலாம். தொண்டையில் கட்டுக் கட்ட முடியாது. புண்ணை அப்படியே திறந்துவிட்டு ஆறவிட வேண்டும். அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம் படியும். முழங்காலில் அடிபட்டால் பக்குக் கட்டுமே, அதுபோல. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அந்தப் பக்கு உரிகிறது. அப்போது அடியில் இருக்கும் குழாய் திறந்துகொண்டால் ரத்தம். ஆபரேஷன் ஆன 24 மணி நேரத்துக்குள் வருவது ஒரு வகை, இப்படி நாள் கழித்து வருவது இன்னொரு வகை. வீட்டில் இருக்கும்போது வருவது இரண்டாவது வகைதான். அதனால்தான் பயம் அதிகம்.

வலியும் அதே நாட்களில்தான் உச்சத்துக்குப் போகிறது. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு தொடர்பு இருப்பதால் காது நன்றாக இருந்தும் காது வலிக்கும். பெரியவர்களுக்கு வலியும் அதிகம், ரத்தம் வரும் வாய்ப்பும் அதிகம். வருஷக்கணக்காகச் சீழ் பிடித்து ஆறி ஆறி டான்சில் அடியில் இருக்கும் தசையோடு ஒட்டிப்போயிருக்கும், பிரிப்பது கஷ்டம். வலி உச்சத்தில் இருக்கும் நாளும் ரத்தம் வரக்கூடிய நாளும் ஒன்றாக அமைந்துவிட்டதுதான் இந்த ஆபரேஷனின் சிக்கல். வலிக்கு எதைக் கொடுத்தாலும் ரத்தத்தை நினைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

இது இன்றைக்குத் தெரிந்த விஷயமும் இல்லை. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் மருத்துவ நூல் எழுதினார். டான்சிலைச் சுற்றிலும் சுரண்டி விரலாலேயே பிடுங்கிவிடலாம், வராவிட்டால் கொக்கியால் இழுத்துக் கத்தியால் அறுக்கலாம் என்று அதில் இருக்கிறது. அறுத்த பிறகு காடியால் வாய் கொப்பளிக்க வேண்டும், ரத்தம் நிற்கப் புண்ணில் மருந்து தடவ வேண்டும். மயக்க மருந்து கிடையாது. அந்த நோயாளியை நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டு சுஸ்ருத சம்ஹிதை உள்நாக்கு வீக்கத்தை அறுக்கும் முறையைச் சொல்கிறது. முழுவதும் அறுக்காதே, மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறு என்கிறது. அதிகமாக அறுத்தால் ரத்தப்போக்கில் உயிர் போகும், குறைவாக அறுத்தால் வீக்கமும் மற்றத் தொந்தரவுகளும் தொடரும். ஆறாம் நூற்றாண்டில் ஏடியஸ் என்ற கிரேக்க மருத்துவரும் டான்சிலில் வெளியே துருத்திய பகுதியை மட்டும் எடுக்கச் சொன்னார், முழுதும் எடுப்பவர்கள் ஆபத்தான ரத்தப்போக்கை உண்டாக்குகிறார்கள் என்று எச்சரித்தார். மொழி வேறு, நாடு வேறு, காலம் வேறு. பயம் மட்டும் ஒன்றுதான்.

1828-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிலிப் சிங் பிசிக் என்ற அறுவை மருத்துவர் ஒரு கருவி செய்தார். ஒரு வளையத்துக்குள் டான்சிலை நுழைத்து, கத்தியைத் தள்ளினால் ஒரே வெட்டு. பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய எந்திரத்தின் பெயரையே இதற்கும் வைத்து கில்லட்டின் என்றார்கள். ஈதர் மயக்க மருந்தைக் கொண்டு ஆபரேஷன் செய்ததை உலகம் அறிந்தது 1846-இல்தான். அதற்கு முன் வலிக்கு இருந்த ஒரே மருந்து வேகம். மருத்துவர் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாரோ அவ்வளவு கருணை. கில்லட்டின் டான்சிலில் கொஞ்சத்தை மிச்சம் வைத்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மயக்கத்தில் படுக்கவைத்து, டான்சிலை உறையோடு பிரித்தெடுத்து, ரத்தக் குழாய்களைக் கண்ணால் பார்த்துக் கட்டும் முறை வந்தது. லண்டனில் வா என்ற மருத்துவர் 1909-இல் இதை எழுதினார்.

ஆபரேஷன் பத்திரமானதும் எல்லோருக்கும் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தோடு சம்பந்தப்பட்ட பகுதி என்பதால் இதை நான் இரண்டு தடவை படித்தேன். 1934-இல் நியூயார்க்கில் 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரை மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொன்ன 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினால், அதில் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். அதிலும் தப்பிய 116 பேரை இன்னும் வேறு மருத்துவர்களிடம் காட்டினால், 51 பேருக்கு எடுக்க வேண்டும். ஆயிரத்தில் கடைசியாகத் தப்பியது 65 பிள்ளைகள்.

இங்கிலாந்தில் கிளோவர் என்ற மருத்துவர் 1938-இல் ஒரு கணக்கைக் காட்டினார். ஹார்ன்சி என்ற ஊரில் 1928-இல் 186 பள்ளிப் பிள்ளைகளுக்கு டான்சில் எடுத்திருந்தார்கள். மறுவருஷம் 12 பேருக்குத்தான். பிள்ளைகளின் தொண்டை மாறவில்லை, பள்ளி மருத்துவ அதிகாரி மாறியிருந்தார். என் வகுப்பில் மார்க் போடும்போது இதே சந்தேகம் எனக்கு வரும். குறை பிள்ளையிடமா, திருத்துகிற என் கையிலா?

இப்படி டான்சில் ஆபரேஷன் சர்வசாதாரணமாக இருந்த காலத்தில்தான் நான் சொல்லவந்த மனிதர் வருகிறார். பெயர் லாரன்ஸ் கிரேவன். கலிபோர்னியாவில் கிளெண்டேல் என்ற ஊரில் சாதாரணக் குடும்ப மருத்துவர். பெரிய பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இல்லை. தன் மருத்துவமனையிலேயே டான்சில், அடினாய்டு ஆபரேஷன்கள் செய்வார்.

அப்போது அமெரிக்காவில் ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம் கடையில் கிடைத்தது. ஆஸ்பர்கம் என்று பெயர். தொண்டை வலியில் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு அது பெரிய வரம். மென்றால் தாடை அசையும், எச்சில் ஊறும், மருந்தும் உள்ளே போகும். டான்சில் எடுத்தவர்களுக்கு அதை மெல்லச் சொல்லி அனுப்புவது வழக்கம்.

1940-களில் கிரேவன் ஒன்றைக் கவனித்தார். அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலருக்கு ரத்தம் அளவுக்கு மீறி வந்தது. சிலரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கே அனுப்ப வேண்டியிருந்தது. கை ஒன்றுதான், கருவி ஒன்றுதான், பிறகு ஏன்? அவர் நோயாளிகளை உட்காரவைத்து விசாரித்தார். வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்? வலி தாங்காமல் அவர் சொன்ன அளவோடு நிற்காமல் கடையில் மேலும் மேலும் ஆஸ்பர்கம் வாங்கி மென்றிருக்கிறார்கள். சிலர் ஒரு நாளைக்கு இருபது துண்டு வரை. ஒரு துண்டில் சுமார் 227 மில்லிகிராம் ஆஸ்பிரின். இருபது துண்டுக்குக் கணக்குப் போடுங்கள்: 4540 மில்லிகிராம். 325 மில்லிகிராம் மாத்திரையில் 14 விழுங்கியதற்குச் சமம்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். விழுங்க முடியவில்லையே என்று மெல்லக் கொடுத்தார்கள் அங்கே. விழுங்க முடியவில்லையே என்று கரைத்துக் கொடுத்தேன் நான் இங்கே.

வேறு ஒருவராக இருந்தால் "இனி ஆஸ்பர்கம் மெல்லாதீர்கள்" என்று சொல்லிவிட்டு அதோடு விட்டிருப்பார். கிரேவன் அடுத்த கேள்வியைக் கேட்டார். ஆஸ்பிரின் ரத்தத்தை உறையவிடாமல் செய்கிறது என்றால், உறையக் கூடாத இடத்தில் ரத்தம் உறைவதால் வரும் நோய்க்கு இதுவே மருந்தாகாதா? மாரடைப்பு என்பது இதயத்துக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பதுதானே? முதலில் தன்னையே சோதித்தார். ஒரு நாளைக்கு 12 மாத்திரை என்று மூக்கில் ரத்தம் வரும்வரை சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு தன்னிடம் வரும் ஆண்களுக்குத் தினமும் ஆஸ்பிரின் கொடுக்க ஆரம்பித்தார். 1950-இல், 400 பேருக்குக் கொடுத்ததில் ஒருவருக்கும் மாரடைப்பு வரவில்லை என்று எழுதினார். 1956-இல் சுமார் 8000 ஆண்களைப் பற்றி எழுதினார்.

மருத்துவ உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. இந்த இடத்தை என் அறிவியல் வகுப்புப் பிள்ளைகள் கவனியுங்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு வரவில்லை என்றார், சரி. சாப்பிடாதவர்களுக்கு எத்தனை பேருக்கு வந்தது? அதை அவர் கணக்கெடுக்கவில்லை. ஒரு தொட்டிச் செடியை வெயிலிலும் இன்னொன்றை இருட்டிலும் வைப்போமே, நினைவிருக்கிறதா? இருட்டுத் தொட்டி இல்லாமல் வெயில் தொட்டியை மட்டும் காட்டி ஒன்றையும் நிரூபிக்க முடியாது. கிரேவனின் கண் கூர்மை, ஆனால் அவரிடம் இரண்டாவது தொட்டி இல்லை. 1957-இல் அவர் இறந்தார். மாரடைப்பில்தான் இறந்தார். தான் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக்கொண்டதைப் பார்க்க அவர் இல்லை.

1960-களின் கடைசியில், ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். 1971-இல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். 1982-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வலியை உண்டாக்கும் பொருளைத் தயாரிக்கும் இடத்தைத்தான் ஆஸ்பிரின் அடைக்கிறது. தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள உதவும் பொருளும் அதே வழியில்தான் தயாராகிறது. அதனால் வலியைக் குறைத்துக்கொண்டே ரத்தம் உறைவதையும் கெடுக்கும். ஒரு தடவை ஆஸ்பிரின் பட்ட தட்டணு அதன் ஆயுள் முடியும்வரை சரியாக வேலை செய்யாது. புதுத் தட்டணுக்கள் வந்து சேர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நான் கரைத்துக் கொடுத்த ஆறு மாத்திரையின் வலி நிவாரணம் சில மணி நேரம்தான். ரத்தத்தில் அதன் வேலை பல நாள் நின்றது.

இரண்டாவது தொட்டியும் வந்தது. 1974-இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் பீட்டர் எல்வுட் குழுவினர் மாரடைப்பு வந்து பிழைத்த 1239 ஆண்களில் சிலருக்கு ஆஸ்பிரினும் சிலருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருப்பது போலத் தெரிந்தது, உறுதியாகச் சொல்லப் போதவில்லை. 1988-இல் பல நாடுகளில் 17,187 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு வந்தது. மாரடைப்பு வந்தவுடன் ஆஸ்பிரின் தொடங்கி ஒரு மாதம் கொடுத்ததில், இதய, ரத்தக்குழாய் நோய்களால் வந்த மரணம் நூற்றுக்கு 23 பங்கு குறைந்தது. கிளெண்டேல் மருத்துவர் கேட்ட கேள்விக்கு நாற்பது வருஷம் கழித்து விடை.

தொண்டைக்கே திரும்புவோம். நல்லது நினைத்துச் செய்தது ரத்தத்தில் முடிந்த இன்னொரு கதையும் இருக்கிறது. 2001 ஜனவரியில் இங்கிலாந்தில், மாட்டு மூளை நோயோடு சம்பந்தப்பட்ட ஒரு மனித நோய் ஆபரேஷன் கருவிகள் வழியாகப் பரவிவிடுமோ என்று பயந்து, டான்சில் ஆபரேஷனுக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகள்தான் வேண்டும் என்று அரசு சொன்னது. நல்ல எண்ணம். ஆனால் புதுக் கருவிகளால் ரத்தப்போக்குப் புகார்கள் கூடின. அதே வருஷம் டிசம்பரில் பழைய கருவிகளுக்கே திரும்பச் சொல்லிவிட்டார்கள். பிறகு 2003, 2004-இல் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 33,921 பேரைக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 3.5 பேருக்கு ரத்தப்போக்கு. வெப்பத்தால் சுட்டு எடுக்கும் முறையைவிட, சாதாரணக் கருவியால் பிரித்து நூலால் கட்டும் பழைய முறையில் ரத்தப்போக்கு குறைவு.

வலி மருந்திலும் இன்னொரு பாடம் நடந்தது. ஆஸ்பிரின் வேண்டாம் என்று கோடீன் கொடுத்தார்கள். சிலர் உடம்பு பிறவியிலேயே கோடீனை மிக வேகமாக மார்பினாக மாற்றிவிடும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு கோடீன் கொடுத்ததில் மூச்சு நின்று மரணங்கள் நடந்தன. 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது.

"அப்படியானால் பெரியவர்கள் இந்த ஆபரேஷனே செய்துகொள்ளக் கூடாதா டீச்சர்?" என்று கேட்பீர்கள். அப்படி இல்லை. பிரிட்டனில் 27 ஆஸ்பத்திரிகளில், அடிக்கடி டான்சில் வீங்கும் பெரியவர்கள் 453 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. எடுத்துக்கொண்டவர்களுக்கு இரண்டு வருஷத்தில் தொண்டை வலி இருந்த நாட்கள் 23, எடுக்காமல் மருந்தோடு இருந்தவர்களுக்கு 30. இது நடுவில் நிற்பவரின் கணக்கு. பலன் உண்டு. ஆனால் ரத்தப்போக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 19. சின்னதும் பெரியதும் சேர்த்த கணக்கு என்றாலும், ஐந்தில் ஒருவர். தேவையானவர்கள் செய்துகொள்ளத்தான் வேண்டும், ஆனால் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். என் தம்பி மகனுக்கு இப்போது காய்ச்சல் வருவதில்லை.

நான் டாக்டர் இல்லை. இடைநிலை ஆசிரியப் பயிற்சி முடித்தவள். அதனால் மருந்து சொல்ல மாட்டேன். சுட்டுக்கொண்டவள் என்ற முறையில் மட்டும் சில வார்த்தைகள்.

வீட்டு மருந்து டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு அட்டையையும் திருப்பி, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். கண் தெரியாத பெரியவர்களுக்கு நீங்கள் படித்துச் சொல்லுங்கள். தலைவலி, சளி மாத்திரைகள் சிலவற்றுக்குள் ஆஸ்பிரின் ஒளிந்திருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே, தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரையையும் டாக்டரிடம் காட்டுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய ஆபத்து. டாக்டர் சொன்னால்தான் நிறுத்த வேண்டும், அவர் சொன்ன நாளில் திரும்பத் தொடங்க வேண்டும்.

வலிக்குக் கொடுத்த மருந்தை, வலி வந்த பிறகு தேடாமல், சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். விழுங்க முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேளுங்கள். அதே பாராசிட்டமால் தண்ணி மருந்தாகவும் கிடைக்கும் என்று எனக்கு அப்புறம்தான் சொன்னார்கள். ஒரு போன் போட்டிருந்தால் போதும். வலிக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தொண்டை காய்ந்து வலி இன்னும் கூடும். ரத்தம் வந்தால், கொஞ்சமாக இருந்தாலும், தானாக நின்றுவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் கசிவுக்குப் பின்னால் பெரியது வரலாம். போகும்போது படுக்கவைக்காமல், உட்காரவைத்து முன்னால் குனியச் சொல்லி, ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். அந்தப் பத்து நாளும் ஆஸ்பத்திரி எட்டும் தூரத்தில் இருங்கள்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே. எங்கள் வீட்டுக்காரருக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஒன்று. அதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. தம்பி மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று மதியமும் வீட்டுக்கு வந்து அந்த மாத்திரையை எடுத்தேன். கை தயங்கியது. "என்ன, இது விஷமா?" என்று அவர் சிரித்தார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

இப்போது தெரியும். ஒரே டப்பாவில் இரண்டு அட்டை. ஒன்று என் வீட்டுக்காரரை என்னோடு வைத்திருக்கிறது. இன்னொன்று என் தம்பி மகனைக் கொண்டுபோகப் பார்த்தது. இரண்டும் ஒரே மருந்து. எந்த டாக்டருக்கும் எல்லாம் முன்கூட்டித் தெரிந்துவிடவில்லை. கிளெண்டேலில் ஒரு மருத்துவர், ரத்தம் வந்த நோயாளிகளைக் குறை சொல்லாமல், "வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று உட்கார்ந்து கேட்டார். அந்த இளம் டாக்டர் என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான். நான் ஒரே ஒரு கேள்வியை முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். "இதைக் கொடுக்கலாமா?"

வகுப்பில் உங்களை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், "தெரியாவிட்டால் கையைத் தூக்கிக் கேள், வெட்கப்படாதே" என்று. இந்தத் தடவை கையைத் தூக்காமல் இருந்தது டீச்சர்.

டப்பாவைச் சுத்தம் செய்துவிட்டேன். ஒவ்வொரு அட்டைமேலும் மருந்தின் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன். நீங்களும் இன்றைக்கே உங்கள் வீட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். பார்த்தவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். வழக்கம்போல் வருகைப் பதிவு எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்.